கிளினிக் கொப்பியா, கொம்பியூட்டரா? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வெள்ளவத்தை மகள்
நடந்து எட்டு மாதமாகிறது, இன்னும் மனதை அரிக்கிறது. அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து தலையில் அடி. ஓட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கிளினிக் கொப்பி வீட்டில், அலுமாரிக்கு மேலே, சிலிசிலி பேக்குக்குள். அவசரப் பிரிவில் இருந்த இளம் டொக்டர் சிங்களத்தில் கேட்டது ஒன்றே ஒன்று: என்ன மருந்து பாவிக்கிறார்?

அம்மா சுண்டுவிரல் நகத்தைக் காட்டி, "இவ்வளவு சின்னன். இரவில பாதி, ஞாயிறு மட்டும் முழுசு" என்றார். நான் அதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். டொக்டர் பேனாவை நிறுத்திவிட்டு, "மாதா மாதம் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்களா?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. வார்ஃபரின். இரத்தம் கட்டியாகாமல் இருக்கக் கொடுப்பது. அதைக் குடிப்பவருக்குத் தலையில் அடிபட்டால், வெளியே சின்ன வீக்கம்தான் என்றாலும் உள்ளே கசியலாம். உடனே ஸ்கானுக்கு அனுப்பினார்கள்.

ஆறு வருடமாக அப்பா போகும் கிளினிக் அதே மதிலுக்குள், ஐந்து நிமிட நடையில் இருக்கிறது. அவருடைய மருந்து விவரம் முழுவதும் அங்கே எழுதியதுதான். ஆனால் எழுதியது எங்கள் கொப்பியில். அம்மாவின் அந்த நகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கொட்டாஞ்சேனை பேரன்
அக்கா, கொம்பியூட்டர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். எங்கள் அம்மாச்சியின் பெயர் லெட்சுமி. பதிவு செய்யும் தம்பி ஆங்கிலத்தில் தட்டித் தேடினார், இல்லை. 'டி'யை எடுத்துவிட்டுத் தேடினார், இல்லை. கடைசி எழுத்தை 'ஐ'யிலிருந்து 'வை'க்கு மாற்றினார், அப்போது ஒரு லெட்சுமி வந்தார், வயது 41. அம்மாச்சிக்கு 74. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும், "புதுசாகப் போடுகிறேன்" என்று புது அட்டை அடித்துத் தந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பழைய உறையைக் கொட்டிப் பார்த்தால், ஏற்கெனவே இரண்டு அட்டை. ஆக ஒரே அம்மாச்சிக்கு மூன்று இலக்கம், மூன்று பிறந்த ஆண்டு. அதில் ஒரு பதிவில் மட்டும்தான் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று இருக்கிறதாம், அதையும் ஒரு மிஸ்ஸி தற்செயலாகப் பார்த்துச் சொன்னார். தோட்டத்தில் பிறந்தவருக்கு முதலில் பெயர் எழுதிய கிளாக்கர் காதில் விழுந்ததை எழுதினார். இன்றைக்கு இவர் அதையே கொம்பியூட்டரில் செய்கிறார். என்ன வித்தியாசம்?

வாட்டில் இருப்பவன்
வித்தியாசம் இருக்கிறது தம்பி. நான் டொக்டர், எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். அந்த அட்டையில் இருக்கும் தனிநபர் சுகாதார இலக்கம் 11 இலக்கம் கொண்டது. முதல் நான்கும் எந்த இடத்தில் கொடுத்தது என்பதைக் காட்டும், கடைசி ஒன்று சரிபார்க்கும் இலக்கம். ஒரு இலக்கம் மாறித் தட்டினால் இயந்திரமே பிடித்துவிடும். பெயரைத் தேடவே வேண்டாம் என்பதற்காக வந்ததுதான் அது. பழைய அட்டையைக் கொண்டுபோயிருந்தால் பார்கோடை ஒரு தடவை காட்டினால் முடிந்தது. அட்டையை உறைக்குள் போட்டு வைத்தது யார்?

எங்கள் கஷ்டத்தையும் கேளுங்கள். வாட்டில் நோயாளியின் டிக்கற்றில், அதாவது கட்டிலோடு இருக்கும் குறிப்புத் தாளில், கையால் எழுதுகிறேன், பிறகு அதையே கொம்பியூட்டரில் தட்டுகிறேன். இரவு இரண்டு மணிக்கு எதைத் தள்ளிப்போடுவேன் என்று நினைக்கிறீர்கள்? ஒருநாள் ஒரு வயதானவர் கையை நீட்டி என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "மகனே, வருத்தம் எனக்கு, அந்தப் பெட்டிக்கு இல்லை." சிரித்துச் சமாளித்தேன், ஆனால் அவர் சொன்னது சரி. அன்றைக்கு அவருடைய முகத்தை நான் பார்க்கவே இல்லை.

நம்மால் முடியாது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். 2020 தொடக்கத்தில் கொரோனா வந்தபோது, வெளிநாட்டிலிருந்து வருபவர்களைப் பின்தொடர, சுகாதாரத் தரவு சேர்க்கும் டிஎச்ஐஎஸ்2 என்ற மென்பொருளில் ஓர் ஏற்பாட்டை இலங்கையில்தான் முதலில் செய்தார்கள். பிறகு மற்ற நாடுகள் அதைப் பார்த்து எடுத்தன. ஆட்களைப் பற்றிக் குறையில்லை. வாட்டில் ஆறு பேருக்கு ஒரு கொம்பியூட்டர், அதுதான் குறை.

கொட்டாஞ்சேனை பேரன்
அட்டையை உறைக்குள் போட்டது 74 வயதுக் கிழவி, டொக்டர். பார்கோடு என்றால் என்ன என்று அவருக்கு யாராவது சொன்னார்களா? அட்டையின் பின்பக்கத்தில் தமிழில் ஒரு வரியாவது இருந்ததா?

தெமட்டகொடை ராத்தா
சண்டை வேண்டாம். எனக்கு நடந்தது நல்லது, அதனால் எழுதுகிறேன்.

வாப்பாவுக்குச் சீனி வருத்தம், பத்து வருடம். ரிப்போட் எல்லாம் ஒரு பிஸ்கட் டின் நிறைய. ஒவ்வொரு முறையும் டொக்டர் மேலே இருப்பதைப் பார்ப்பார், "கொஞ்சம் கூட" என்பார், வருவோம். போன வருடம் தனியார் இடமொன்றில் சனல் பண்ணி, காசு கட்டி டொக்டரைப் பார்த்தோம். அங்கே மூன்று வருட இரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே இடத்தில் ஏறியிருந்தது. டொக்டர் திரையை வாப்பா பக்கம் திருப்பி வைத்தார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ஒரு கோடாகப் போகிறது. தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்தது, ஓரிடத்தில் ஏறத் தொடங்குகிறது.

வாப்பா கிட்டப் போய்க் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். "இது எந்த மாசம்?" டொக்டர் சொன்னார். வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "அதுதான் நான் முழங்கால் நோவுக்குப் பார்மசியில குளிசை வாங்கத் தொடங்கின மாசம்" என்றார். எங்கள் யாருக்குமே தெரியாது! டைக்ளோஃபெனாக், டொக்டரின் துண்டு இல்லாமல் வாங்கியது, கிட்டத்தட்ட தினமும். சிறுநீரகத்துக்கு அது கூடாது, சீனி உள்ளவருக்கு இன்னும் கூடாது.

அந்த எண்கள் எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள்ளும் இருந்தவைதான். யாரும் வரிசையாக வைத்துப் பார்த்ததில்லை.

ஓய்வுபெற்ற கிளாக்கர், மருதானை
எல்லாவற்றையும் வாசித்தேன். என் கதை சின்னது. ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டு வரிசையில், பக்கத்தில் நின்றவர் "உங்கட கொலஸ்ட்ரோல் இப்ப எப்படி?" என்று கேட்டார். நான் அவருக்குச் சொன்னதில்லை. அவருடைய மகள் நான் இரத்தம் கொடுத்த இடத்தில் வேலை செய்கிறாள், அவ்வளவுதான். கோழிக் கறியைத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.

ஆகவே கொம்பியூட்டருக்கு ஆதரவாக எழுதும் எல்லோருக்கும் சில விஷயங்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம், வாசித்துப் பாருங்கள். உடல்நலம் பற்றிய தரவை அது தனி வகையாக, கூடுதல் கவனத்தோடு வைத்திருக்கிறது. யார் என் பதிவைத் திறந்தார் என்று எழுதி வைக்கும் வசதி நல்ல மென்பொருளில் உண்டு. கொப்பியில் அது கிடையாது, அது கொம்பியூட்டரின் பக்கம் என்றே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுதி வைத்ததை யாராவது பார்க்க வேண்டுமே.

தம்பி கொட்டாஞ்சேனை, அம்மாச்சியின் மூன்று அட்டையையும் ஒன்றாகக் கொண்டுபோய், மூன்றும் ஒரே ஆள்தான் என்று சொல்லி ஒன்றாக்கித் தரக் கேளுங்கள். காலை பத்து மணிக்குப் பிறகு போங்கள், அதற்கு முன் யாருக்கும் காது கேட்காது. அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். பழையதில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், 2016க்குப் பிறகு வந்ததில் 12 இலக்கம். இரண்டும் உள்ளவருக்கு இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். பெயரை வாயால் சொல்லாதீர்கள், ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். மருந்தைக் கம்பனிப் பெயரில் எழுதி வைக்காதீர்கள், கடைக்குக் கடை மாறும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை எழுதுங்கள். கொப்பியின் கடைசி மூன்று பக்கத்தையும் போனில் படமெடுத்து, பிள்ளைகள் எல்லோருக்கும் அனுப்பி வையுங்கள். படம் எடுத்த திகதியும் தெரிய வேண்டும். ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவால்...

தெமட்டகொடை ராத்தா
ஐயா, கோழிக் கறியை ஏன் திரும்ப வைத்தீர்கள்? கொலஸ்ட்ரோல் எவ்வளவு?

ஓய்வுபெற்ற கிளாக்கர், மருதானை
சொல்ல மாட்டேன்.

வாட்டில் இருப்பவன்
பேரன், அட்டையின் பின்பக்கத்தை இன்று எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. வெள்ளவத்தை அக்கா, அப்பா இப்போது எப்படி?

வெள்ளவத்தை மகள்
ஸ்கானில் ஒன்றும் இல்லை, மூன்றாம் நாள் வந்துவிட்டார். கொப்பி இப்போது முன்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அம்மா பழைய சேலையில் அதற்கு ஒரு பை தைத்திருக்கிறார். படம் எடுத்து வைத்திருக்கிறேன் அம்மா, போனில் இருக்கிறது என்று சொன்னேன். "உன்ர போன் நீ வேலைக்குப் போனா உன்னோட போயிடும்" என்கிறார்.