சித்தப்பாவுக்கு முப்பது நாள்

*முள்ளியவளை வீட்டார்* (குழு)
வெள்ளி, 6 பெப்ரவரி 2026

பெரியம்மா 6.12
[பிள்ளையார் படம்]
இனிய வெள்ளி 🙏

சின்னவன் 6.15
பெரியம்மா இதே படத்தைத்தான் போன வெள்ளியும் அனுப்பினீங்கள்

பெரியம்மா 6.16
பிள்ளையார் மாறுறவரோடா

நான் 6.31
சித்தப்பா எழும்பிட்டீங்களோ? நேற்று என்ரை கடையிலை உங்கடை பாஸ்போட்டைக் கொப்பி அடிக்கேக்கை கேக்க நினைச்சு மறந்துபோனன். எயாப்போட்டிலை குத்தின சீல் பக்கத்தை ஒருக்காப் படம் எடுத்து அனுப்புங்கோ. எனக்கு ஒரு சந்தேகம்

கனடாச் சித்தப்பா 6.34
_இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

வவுனியா அண்ணை 6.34
சித்தப்பா பாஸ்போட் படத்தைக் குழுவிலை போடாதையுங்கோ!! அவளுக்குத் தனிய அனுப்புங்கோ

கனடாச் சித்தப்பா 6.36
அழிச்சிட்டன். எங்கடை ஆக்கள்தானே. என்ன பிள்ளை சந்தேகம்? விசாக் கடிதம் கையிலை கிடக்கு, அதிலை இருக்கிற திகதிக்கு இன்னும் கன நாள் கிடக்கு. வைகாசியிலை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் முடிச்சுப்போட்டுத்தான் நான் பிளேன் ஏறுறது

நான் 6.41
அதிலைதான் பிழை சித்தப்பா. அந்தத் திகதி நாட்டுக்குள்ளை வந்து இறங்கிறதுக்கு. இறங்கினாப் பிறகு நிக்கிற நாள் வேறை. உங்களுக்கு 30 நாள். நீங்கள் கட்டுநாயக்காவிலை இறங்கினது ஜனவரி 12. இறங்கின நாளையும் சேத்து எண்ணினா 10ஆம் திகதியோட முடியுது

சின்னவன் 6.41
வாற செவ்வாய் 😳

கனடாச் சித்தப்பா 6.43
என்ன கதை கதைக்கிறியள்

கனடாச் சித்தப்பா 6.44
சீல் மை மங்கிக் கிடக்கு, உனக்குச் சரியாத் தெரியேல்லைப் போல

நான் 6.45
மங்கினாலும் 12 தெரியுது. நீங்கள் வந்ததும் தைப்பொங்கலுக்கு மூண்டு நாள் முதல்தானே. முருகண்டியிலை தேங்காய் உடைச்சுப் படம் போட்டனீங்கள், அதிலையும் திகதி கிடக்கு

கனடாச் சித்தி 6.50
ரிக்கற் போடேக்கையே சொன்னனான் விசாவை வடிவா வாசியுங்கோ எண்டு. ஆர் கேட்டது. "என்ரை ஊருக்குப் போக எனக்கென்ன விசா" எண்டு எனக்குப் பிரசங்கம்

கனடாச் சித்தப்பா 6.51
இப்பவும் அதைத்தான் கேக்கிறன். முற்றத்துக் கிணறு 88ஆம் ஆண்டு நான் நிண்டு வெட்டினது. அண்ணையும் நானும்தான் மண் இழுத்தனாங்கள். அதிலை குளிக்க எனக்கு 30 நாள் கணக்கோ

சின்னவன் 6.53
ரஷ்யாக்காரரோட சேத்து உங்களையும் ஏத்தப்போறாங்கள் சித்தப்பா 😂

வவுனியா அண்ணை 7.05
டேய் உதிலை பகிடி இல்லை. யுக்ரேன் சண்டை 2022இலை தொடங்கினாப்போலை ஊருக்குத் திரும்பேலாமல் நிண்ட ரஷ்யா, யுக்ரேன் சனத்துக்கு இஞ்ச விசாவை நீட்டி நீட்டிக் குடுத்துக்கொண்டிருந்தவை. 2024 பெப்ரவரியிலை திடீரெண்டு குடிவரவுத் திணைக்களம் "இரண்டு கிழமை, வெளிக்கிடுங்கோ" எண்டிட்டுது. அமைச்சரவையைக் கேளாமல் எப்பிடிச் சொன்னனீங்கள் எண்டு அப்ப ஜனாதிபதியா இருந்த ரணில் விசாரிக்கச் சொன்னவர். அது வேறை. ஆனா அடியிலை கிடந்த கோவம் என்னெண்டா, விசிற் விசாவிலை வந்து தெற்குக் கடக்கரை வழிய கடையும் ஹொட்டேலும் நடத்துறாங்கள் எண்டது. உனவட்டுனவிலை "வெள்ளையருக்கு மட்டும்" எண்டு ஒரு பார்ட்டிக்கு நோட்டீஸ் அடிச்சு நாறினதும் அந்த நேரந்தான்

கனடாச் சித்தப்பா 7.07
நான் இஞ்ச என்ன பார்ட்டியோ வைக்கிறன்?

வவுனியா அண்ணை 7.08
இல்லை. ஆனா கொம்பியூட்டருக்கு அவனும் நீங்களும் ஒரே ஆக்கள்தான்

பெரியம்மா 7.10
🎤 [குரல் பதிவு 0:41]

சின்னவன் 7.12
வேலையிலை நிக்கிறவைக்காகச் சொல்லுறன்: கிராம சேவையாளரிட்டை ஒரு கடிதம் எடுத்துக் குடுத்தாச் சரிவருமோ எண்டு பெரியம்மா கேக்கிறா. பின்னாலை சேவல் கூவுது

நான் 7.13
ஜிஎஸ் கடிதத்தாலை ஆகாது பெரியம்மா. நிக்கிற நாளை நீட்டச் சொல்லிக் குடிவரவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கவேணும். பத்தரமுல்லைக் கந்தோருக்கு ஓடத் தேவையில்லை, ஒன்லைனிலை போடலாம். ஒரேயடியாத் தராயினம், துண்டு துண்டா மொத்தம் ஆறு மாதம் வரைக்கும் நீட்டலாம். 10க்கு முதல் போட்டிடவேணும், அதுதான் முக்கியம். தவறினாத் தண்டம், அடுத்தமுறை வரேக்கையும் வில்லங்கம்

பாரிஸ் மச்சாள் 7.20
இப்பத்தான் வேலைக்கு எழும்பி இதைப் பாக்கிறன். மாமா இஞ்சத்தைக் கூத்தைப் பாத்தா உங்கடை ஒண்டுமில்லை. விசிற் வாறவைக்கு 180 நாளுக்குள்ளை 90 நாள்தான், ஒரு நாள் கூட நிக்கேலாது. முந்தி சீலைப் பாத்து விரல் விட்டு எண்ணுவாங்கள். 2025 ஒக்டோபர் 12இலை இருந்து கைரேகையும் முகமும் பதியத் தொடங்கிட்டாங்கள், இனி மெசின் எண்ணும். மெசினிட்டைப் போய் "ஐயா எனக்கு மகள் பிள்ளைப்பெத்திருக்கிறாள்" எண்டு சொல்லேலுமோ? போனமுறை அம்மா 88ஆம் நாள் அழுதுகொண்டு போனவ, பிள்ளைக்கு அப்ப ரெண்டு மாதம்

கனடாச் சித்தி 7.26
இஞ்ச அந்த விசயத்திலை பரவாயில்லை. எங்கடை அம்மாவைச் சூப்பர் விசாவிலை எடுத்தனாங்கள். ஒருக்கா வந்தா 5 வருசம் நிக்கலாம், 2022க்கு முதல் 2 வருசம். ஆனா 100,000 டொலருக்குக் காப்புறுதி காட்டவேணும். எல்லாம் கட்டிக் கூப்பிட்டா, அம்மா ஏழு மாதத்திலை "இந்தக் குளிருக்குள்ளை என்னைப் புதைக்கவோ பாக்கிறியள்" எண்டு ஓடி வந்திட்டா

சின்னவன் 7.27
அஞ்சு வருசம் தாற இடத்திலை ஏழு மாதம். முப்பது நாள் தாற இடத்திலை ஆறு மாதம் கேக்கிறார்

கனடாச் சித்தப்பா 7.33
நான் முல்லைத்தீவு ஆசுப்பத்திரியிலை பிறந்தவன். அண்ணி, என்ரை பிறப்புச் சாட்சிப் பத்திரம் வீட்டிலை இருக்கெல்லோ? அதைக் காட்டினா?

பெரியம்மா 7.39
அது கடைசிச் சண்டையிலை தகரப் பெட்டியோட மாத்தளனிலை போயிட்டுது தம்பி

வவுனியா அண்ணை 7.48
பிரதேச செயலகத்திலை பிரதி எடுக்கலாம் சித்தப்பா, அது பிரச்சினை இல்லை. ஆனா அதைக் காட்டி விசா இல்லாமல் நிக்கேலாது. கனடாக் குடியுரிமை எடுத்ததோட இலங்கைக் குடியுரிமை தானாப் போயிட்டுது, 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அப்பிடித்தான். திரும்ப வேணுமெண்டா அதே சட்டத்திலை 19(2) கிடக்கு, இரட்டைக் குடியுரிமை. அதுக்குத்தான் பிரதி உதவும்

கனடாச் சித்தி 7.52
அந்தப் படிவம் பத்து வருசமா எங்கடை லாச்சிக்குள்ளை கிடக்கு. "பென்சன் எடுத்தாப் பிறகு பாப்பம்." பென்சன் எடுத்து ரெண்டு வருசம்

கனடாச் சித்தப்பா 7.53
நீ படுக்கேல்லையோ

கனடாச் சித்தி 7.53
இஞ்ச இப்ப ராத்திரி ஒன்பதரைதான்

கனடாச் சித்தப்பா 8.02
தம்பி, அப்ப பக்கத்துத் தென்னங்காணி விசயம்? அவை விக்கிற எண்ணத்திலை நிக்கினம். நான் கதைச்சுப்போட்டன்

வவுனியா அண்ணை 8.10
என்ன, கதைச்சுப்போட்டீங்களோ!! அட்வான்ஸ் ஏதும் குடுத்ததோ? 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. வெளிநாட்டு ஆக்களின்ரை பேரிலை காணி எழுதேலாது. இரட்டைக் குடியுரிமை இருந்தா அந்தத் தடை இல்லை. செத்த ஆக்களின்ரை சொத்து நெருங்கின சொந்தத்துக்கு வாறதுக்கும் விலக்கு இருக்கு, விலைக்கு வாங்கிறதுக்கு இல்லை. இன்னொண்டு, அது உறுதிக் காணியோ, அரசாங்கம் குடுத்த பெமிற் காணியோ எண்டு கேட்டனீங்களோ? பெமிற் எண்டாப் பிரதேச செயலாளரின்ரை அனுமதி இல்லாமல் ஆருமே கைமாத்தேலாது

கனடாச் சித்தப்பா 8.12
பெமிற்தானாம். அட்வான்ஸ் குடுக்கேல்லை

கனடாச் சித்தப்பா 8.12
ஒரு தோடம்பழப் பெட்டியும் சொக்கிலேற்றும்தான் குடுத்தது

சின்னவன் 8.15
[படம்: சித்தப்பா கரும்பலகைக்கு முன்னாலை, சுத்திவரப் பிள்ளையள்]
காணி போனாப் போகுது, எங்கடை இங்கிலீஸ் சேர் இருக்கிறார். நேற்றுப் பின்னேரம் எடுத்தது. பேஸ்புக்கிலையும் போட்டிட்டன், 140 லைக் 💪

வவுனியா அண்ணை 8.16
உடனை எடு அதை

சின்னவன் 8.16
ஏன் அண்ணை, காசுக்கில்லையே, சும்மா படிப்பிக்கிறார்

வவுனியா அண்ணை 8.19
சும்மா எண்டாலும்தான். விசிற் விசாவிலை நிண்டுகொண்டு சம்பளத்துக்கோ சம்பளமில்லாமலோ வேலை செய்யக்கூடாது. வீட்டு விறாந்தையிலை பெறாமக்களுக்குச் சொல்லிக்குடுத்தா ஒருத்தரும் கேக்கமாட்டினம். இது பலகை போட்ட முன்பள்ளி, கிழமைக்கு மூண்டு நாள், நேர அட்டவணையிலை அவற்றை பேர் வேறை. விசா நீட்டப் போற கிழமையிலை உதுதான் குறை

சின்னவன் 8.21
எடுத்திட்டன் 😐

கனடாச் சித்தப்பா 8.25
அந்தப் பிள்ளையளுக்கு இங்கிலீசிலை "V"க்கும் "W"வுக்கும் வித்தியாசம் இப்பத்தான் பிடிபட்டது

நான் 9.05
சித்தப்பா கடை திறந்திட்டன். பாஸ்போட், வங்கிக் காட், போன் மூண்டையும் கொண்டு வாங்கோ. சேட்டுப் போட்டு வாங்கோ, படம் எடுக்கவேண்டி வந்தாலும் வரும்

பெரியம்மா 9.31
சைக்கிளிலை வெளிக்கிட்டிட்டான். சேட்டு அயன் பண்ணிக் குடுத்தனான்

நான் 10.38
சித்தி!! நிக்கிறீங்களோ? படிவம் எல்லாம் நிரப்பியாச்சு. காசு கட்டேக்கை வங்கியிலை இருந்து ஒரு நம்பர் வருது, அது சித்தப்பாவின்ரை கனடா நம்பருக்குத்தான் வரும். அந்த சிம் அங்கை வீட்டிலை உள்ள போனிலையாம்

நான் 10.40
சித்தி

நான் 10.44
நேரம் முடிஞ்சு திரும்பவும் அனுப்பினன். சித்தி 🙏🙏

சின்னவன் 10.45
அங்கை நடுச்சாமம் தாண்டிட்டுது. விடிய விடிய குழுவிலை நிண்டவ இப்ப வேணுமெண்டேக்கை நித்திரை

பாரிஸ் மச்சாள் 10.47
நான் மாமாவின்ரை மூத்த மகனுக்குப் போன் அடிக்கிறன் பொறுங்கோ, அவன் விடியும்வரை கேம் விளையாடுறவன்

பாரிஸ் மச்சாள் 10.52
எழும்பித்தான் இருக்கிறான். போன் சார்ஜ் இல்லையாம், போட்டிருக்கிறான்

கனடாச் சித்தப்பா 10.55
பிள்ளையின்ரை கடையிலை ஏழு பேர் வரிசையிலை நிக்கினம். ஒருத்தர் பசளை மானியத்துக்குப் படிவம் அடிக்க வந்தவர், என்னைப் பாத்து "நீங்கள் எந்தப் பக்கம் தம்பி?" எண்டு கேக்கிறார். தண்ணீரூற்றுப் பள்ளிக்கூடத்திலை எனக்கு மேல் வகுப்பு அவர். எனக்கு அவரைத் தெரியுது

நான் 11.03
நம்பர் வந்திட்டுது!! 

நான் 11.06
காசு கட்டுப்பட்டிட்டுது. விண்ணப்ப இலக்கமும் வந்திட்டுது, பதிலுக்குப் பாத்திருக்கவேணும். இப்போதைக்கு ரெண்டு மாதம் கேட்டிருக்கிறன். அது முடிய முதல் இன்னொருக்காப் போடுவம். ரசீது ரெண்டு கொப்பி அடிச்சுக் குடுத்திருக்கிறன், ஒண்டு பாஸ்போட்டுக்குள்ளை, மற்றது பெரியம்மாவிட்டை

வவுனியா அண்ணை 11.10
நல்லது. திங்கள் நான் லீவு போட்டு வாறன் சித்தப்பா. பிறப்புச் சாட்சிப் பத்திரப் பிரதிக்கு ரெண்டு பேரும் போவம்

பெரியம்மா 11.14
அப்ப வற்றாப்பளைப் பொங்கலுக்குக் காட்டாவிநாயகர் கோயிலிலை உப்புத்தண்ணி விளக்கு வைக்கேக்கை தம்பி நிப்பானோ

நான் 11.15
ரெண்டாந்தரமும் கிடைச்சா நிப்பார் பெரியம்மா

கனடாச் சித்தப்பா 11.20
அண்ணி, படிவத்திலை என்னை என்ன வகை எண்டு போட்டிருக்கு தெரியுமோ? உல்லாசப் பயணி

பெரியம்மா 11.23
🎤 [குரல் பதிவு 0:19]

சின்னவன் 11.25
பெரியம்மா: "உல்லாசமோ? வந்த நாள் தொடக்கம் சாறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு வாழைக்குத் தண்ணி மாறுறான். முள்ளிவாய்க்கால் பக்கம் ஒருக்காப் போவம் எண்டு கேட்டும் வரேல்லை. உவன் எதைச் சுத்திப் பாத்தவன்?"

கனடாச் சித்தப்பா 11.31
வாறன் அண்ணி. வழியிலை மீன் வாங்கிறதோ?

பெரியம்மா 11.32
வெள்ளிக்கிழமையடா. கெதியா வா, மோட்டரைப் போட்டிட்டுப் போயிட்டாய், தாங்கி வழியுது