மறுமொழி: ரூடரலுக்குத் தமிழ் – வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகோணும்

வணக்கம் எல்லாருக்கும். பேரிடருக்குப் பிறகு நகரத்திலை உயிர்ப்பல்வகைமை எப்பிடித் திரும்ப வருது எண்டு ஏ/எல் பிள்ளையளுக்கு ஒரு சின்னக் கையேடு செய்யிறன். நியூசிலாந்தின்ரை கிறைஸ்ட்சேர்ச் நகரந்தான் உதாரணம், 2011 பெப்ரவரி பூமியதிர்ச்சிக்குப் பிறகு ஏவன் ஆத்தங்கரையிலை வீடுகளை இடிச்சு அள்ளினவை வளவு மரங்களைக் கனக்க விட்டிட்டினம், நகர நடுவிலை இடிச்ச கட்டட அத்திவாரத்துக்குள்ளை கறுத்தச் சொண்டுக் கடற்காகம் கூடு வைச்சுது. இப்பிடிக் குழம்பின நிலத்திலை முதல் வந்து முளைக்கிறதுகளைத்தான் ரூடரல் எண்டுறது. களை எண்டு போட மனமில்லை, அதுகள்தானே வெறும் மண்ணை மூடிப் பிடிக்குதுகள். இதுக்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல்லுச் சொல்லுங்கோ.

---

லத்தீனிலை ரூடுஸ் எண்டால் இடிபாடு. இடிபாட்டுச் செடி. முடிஞ்சுது.

---

முடியேல்லை மாஸ்ரர். 2008 நிஷா புயல் வெள்ளம் வத்தின வளவிலை வண்டல்தானே கிடந்தது, அதிலை முளைச்சதுக்கு என்ன சொல்லுவியள்? குலைந்த நிலம், வினைத்தொகையாக்கினால் குலைநிலம். குலைநிலச் செடி. நன்னூலுக்கும் பிழையில்லை.

---

> குலைநிலச் செடி

என்ரை வகுப்புப் பெடியள் வாழை எண்டு எழுதுவாங்கள்.

---

இங்க சென்னையில வாழைத்தார்னுதான் சொல்றோம், அதனால எங்களுக்கு ஓகே :) ஆனா டீச்சர், எதுக்குப் புதுசா? குப்பைமேனி, குப்பைக்கீரைன்னு ஜனங்க ஏற்கெனவே பேர் வச்சிருக்காங்களே. குப்பைச்செடி!

---

குப்பை எண்டால் பழந்தமிழிலை குவியல், நெல்லுக் குவியலும் குப்பைதான், கழிவு எண்டது பிறகு ஒட்டின பொருள், அதாலை சொல்லிலை குற்றமில்லை. ஆனா அவ்வளவு தூரம் போறதெண்டால் இன்னும் ஒரு எட்டு வைப்பம். முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிஞ்சால் பாலை எண்டு சிலப்பதிகாரம் சொல்லுது. குலைஞ்ச நிலத்துக்கு எங்களிட்டை ஒரு திணையே கிடக்கேக்கை குப்பையைக் கிளறுவானேன்? பாலைச்செடி.

---

வன்னியிலை பாலை மரமெண்டு ஒண்டு நிக்குது மாஸ்ரர், பழமும் சாப்பிடுறனாங்கள்.

---

அதோடை எல்லாரும் செடி செடி எண்டுறியள், கடற்காகத்தை எதுக்குள்ளை அடைக்கிறது? ரீச்சருக்கு வேண்டியது நிலத்துக்கு ஒரு சொல்லு. அது இருந்தால் செடி, பறவை, பூச்சி எல்லாத்துக்கும் முன்னாலை வைக்கலாம். அதுக்குத்தான் குலைநிலம் எண்டன்.

---

எல்லாருக்கும் நன்றி. அச்சகத்திலையிருந்து ரெண்டு தரம் ஃபோன் எடுத்திட்டினம். இடிபாட்டுச் செடிக்குத்தான் கனபேர் ஓமெண்டிருக்கினம், அதைப் போட்டு பக்கத்திலை ரூடரல் எண்டும் போடுறன். குப்பைமேனிப் படமும் வருது.

---

வண்டலுக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை. அடுத்த பதிப்பிலையாவது பாருங்கோ.