வால்பாறை வழியாகக் கடல் வரை பைக் பயணம்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அடுத்த ஞாயிறு அதிகாலை பொள்ளாச்சியில் கிளம்பி, ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை, அப்புறம் மளுக்கப்பாறை, வாழச்சால், சாலக்குடி. இருட்டுவதற்குள் கொடுங்கல்லூர் பக்கம் முனக்கல் கடற்கரை. பின்னால் அப்பா, 63 வயது. இளமையில் வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்; அந்தக் காட்டு வழியே கடலுக்கு இறங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

எனக்குப் பயம் இறக்கத்தில்தான். போன முறை ஆழியாறு இறங்கும்போது பின் பிரேக் சூடேறி, மிதி பஞ்சு போல அமுங்கியது; கருகிய வாடை வேறு. இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். 125 சிசி, பின்னால் டிரம் பிரேக். இருவர் பாரத்துக்கு இது தாங்குமா? மளுக்கப்பாறை செக்போஸ்டில் பைக்குகளை எத்தனை மணி வரை விடுகிறார்கள்? சமீபத்தில் போனவர்கள் ரோடு நிலவரமும் சொன்னால் பெரிய உதவி.