மொரிஸ் மைனர்: டோர்ஷன் பார் கழருதில்லை, உதவுங்கோ

வணக்கம் உறவுகளே. என்னட்ட இருப்பது 1960 மொரிஸ் மைனர் 1000 கார், 948 சிசி. இதன் முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்காக வேலை செய்வது டோர்ஷன் பார், அதாவது முறுக்கத்தால் பாரம் தாங்கும் நீளமான உருக்குக் கம்பி. இடம் கோண்டாவில். ஸ்டியரிங்கில் ஆட்டம் கூடி, வலது முன்பக்கம் தாழ்ந்துபோனதால் போன மாசம் முன் சஸ்பென்ஷனை வீட்டிலேயே கழற்றத் தொடங்கினேன்.

கீழ் ஆர்முக்கு ஜாக் கொடுத்து, மேல் ட்ரனியனை (கிங்பினை, அதாவது சக்கரம் திரும்பும் அச்சை, மேல் ஆர்மோடு இணைக்கும் மூட்டை) கழற்றி, ஜாக்கை மெதுவாக இறக்கி இழுவிசையை முழுக்க எடுத்தாச்சு. ஹப், கிங்பின், கீழ் ஆர்ம் எல்லாம் வெளியே. இடது பக்கம் முழுதாகக் கழன்றுவிட்டது; பார்கள் பக்கம் மாறக்கூடாது என்பதால் பெயிண்டில் அடையாளமும் போட்டிருக்கிறேன்.

வலது பாரின் பின்முனையைக் காரின் அடிச்சட்டத்தோடு பிடித்து வைக்கும் லீவர்தான் சிக்கல். போல்ட் கழன்றும், பாரின் முனையும் லீவரும் கோர்த்து நிற்கும் ஸ்ப்லைன் பற்களில் துருப்பிடித்து இறுகி நிற்குது. டபிள்யூடி-40 அடித்து இரவிரவாக ஊறவிட்டேன். பித்தளைத் துண்டு வைத்துத் தட்டினேன். இரண்டு கால் புல்லர் (இறுகிய பாகத்தைப் பிடித்து இழுக்கும் கருவி) வழுக்குது. பக்கத்துக் கராஜில் காஸ் வைத்துச் சூடாக்கச் சொல்லுகினம். பாரின் பதம் போய்விடும், அதனால் நான் சம்மதிக்கவில்லை. இந்தப் பார் உடைந்தால் நல்லதொன்று தேடுவது பெரும்பாடு.

சூடு காட்டாமல், பாரில் கீறல் விழாமல் இந்த லீவரை எப்படிக் கழற்றலாம்?