கோத்தகிரி மலைப்பாதைக்குச் சத்தமான ஹாரன்: ரிலே போட்டே ஆகணுமா?

அரவேணு_125:

எல்லாருக்கும் வணக்கம். காய்கறி லோடு விஷயமாக விடியற்காலையில் பைக்கில் மேட்டுப்பாளையம் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் மேலே திரும்பிவிடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பனிமூட்டம் இறங்கிவிட்டால் வளைவுக்கு அந்தப் பக்கம் லாரி வருகிறதா பஸ் வருகிறதா என்று கண்ணால் பார்க்கவே முடியாது, ஹாரனை நம்பித்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. என்னுடையது 125 சிசி பைக், கம்பெனி ஹாரன் ஒன்றுதான். மெலிசாகக் கீச்சிடும், கண்ணாடியை ஏற்றிவிட்டு வருகிற டிரைவர் காதில் அது விழுவதே இல்லை.

கார்களில் இருக்கிற மாதிரி விண்ட்டோன் ஹாரன் (நத்தை மாதிரிச் சுருண்ட குழல் உள்ளது) ஜோடியாகப் போடலாம் என்று நினைக்கிறேன். கடையில் கேட்டால் பழைய ஹாரனின் ரெண்டு ஒயரையும் கழற்றி புதுசில் சொருகினால் போதும், ரிலே (பட்டனின் சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆன் செய்கிற தனி ஸ்விட்ச்) எல்லாம் வேண்டாம் என்கிறார்கள். பேட்டரி மேல் 12 வோல்ட், 4 ஆம்பியர் அவர் என்று போட்டிருக்கிறது. அது தாங்குமா? போலீஸ் பிடித்தால் பிரச்சினை வருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க.

ஒயரிங்_மேட்டுப்பாளையம்:

தம்பி, நேராக மாட்டாதீங்க. கம்பெனி ஹாரன் ஒன்று சாதாரணமாக இரண்டு, மூன்று ஆம்பியருக்குள் எடுக்கும். அந்த அளவுக்குத்தான் பைக்கின் ஒயரும் ஹேண்டில் ஸ்விட்சும் இருக்கின்றன. விண்ட்டோன் ஒன்றே நான்கு, ஐந்து ஆம்பியர் கேட்கும், ஜோடி என்றால் எட்டைத் தாண்டிவிடும். அவ்வளவையும் பட்டன் வழியாக விட்டால் உள்ளே இருக்கிற காண்டாக்ட் பொசுங்கி, ஒருநாள் ஹாரன் அடிக்காமலே போகும். ஃப்யூஸும் போகலாம். பல பைக்கில் இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் அதே ஃப்யூஸில்தான் இருக்கும், மலை இறங்கும்போது அது போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க.

ஆனால் புதுசு வாங்குவதற்கு முன்னால் இருக்கிறதைப் பாருங்க, இதை யாரும் செய்வதில்லை. உங்கள் ஊர் ஈரத்துக்கு ஹாரன் டெர்மினலில் பச்சை பிடிக்காமல் இருக்காது. மல்டிமீட்டரை ஹாரனின் ரெண்டு முனையிலும் வைத்து பட்டனை அழுத்துங்க. பேட்டரியில் 12.5 இருந்து ஹாரனில் 10.5 காட்டினால் ரெண்டு வோல்ட் வழியிலேயே போகிறது என்று அர்த்தம். முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாசலின் தடவி மாட்டினாலே பாதிப் பேருக்குச் சத்தம் திரும்பி வந்துவிடும். ஹாரனுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்குரூவும் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் அடித்துப் பார்த்தால் சத்தம் தெளிகிற இடம் ஒன்று கிடைக்கும், அங்கே நிறுத்திவிடுங்க. ரொம்ப முறுக்கினால் காண்டாக்ட் திறக்காமல் ஒட்டிக்கொண்டு காயில் எரிந்துவிடும்.

இன்னொன்று, கம்பெனியில் வருகிற தட்டை டிஸ்க் ஹாரனைத் தாங்குகிற அந்த மெல்லிய தகட்டுப் பட்டையை எடுத்துவிட்டு நேராக ஃபிரேமில் போல்ட் போடக் கூடாது, ஹாரன் பாடி வேறு இரும்பில் உரசவும் கூடாது. அது அதிர்ந்தால்தான் சத்தம் வரும்.

அதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் மாற்றுங்க. ரூட்ஸ் நம்ம கோயமுத்தூர்க் கம்பெனிதான், அதிலோ மிண்டாவிலோ விண்ட்டோன் எங்கேயும் கிடைக்கும். 12 வோல்ட், நாலு பின் ரிலே ஒன்று வாங்குங்க. பின் நம்பர் அதிலேயே போட்டிருக்கும்: 30, 87 ஹாரன் கரண்டுக்கு, 85, 86 பட்டன் இயக்குகிற காயிலுக்கு. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃப்யூஸ் வழியாக 30ஆம் பின்னுக்கு, 87இலிருந்து ஹாரனுக்கு, ஹாரனின் இன்னொரு முனை பேட்டரி மைனஸுக்கு. ஒரு ஹாரனுக்கு 10 ஆம்பியர் ஃப்யூஸ், ஜோடிக்கு 15. ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும், நடுவழியில் ஒயர் உரசி ஷார்ட் ஆனாலும் வண்டி தப்பிக்கும். கம்பெனி ஒயரை வெட்டாதீங்க, பழைய ஹாரனில் சொருகியிருந்த முனை ரெண்டையும் 85, 86இல் மாட்டுங்க. ரிலே காயில் கால் ஆம்பியர்கூட எடுக்காது, ஸ்விட்ச் நிம்மதியாக இருக்கும்.

பேட்டரியைப் பற்றிக் கவலை வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது அது கொடுக்கிற கரண்டுக்கு முன்னால் ஒரு செகண்ட் ஹாரன் ஒன்றுமே இல்லை. ஆனால் பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறங்குகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்க. சார்ஜிங் நின்றுவிடும், எஞ்சின் பிரேக்கும் கிடைக்காது. உங்களுக்கு ஜோடி தேவையில்லை, கனமான குரல் உள்ள லோ டோன் ஒன்றே போதும் என்பது என் கருத்து.

குன்னூர்_வாசி:

தம்பி, உங்கள் பயம் நியாயமானது, மறுக்கவில்லை. எங்கள் வீடு ரோட்டுக்கு மேலேயே இருக்கிறது, சீசன் வந்தால் கீழிருந்து வருகிற வண்டிகளின் ஹாரனில் குழந்தைகள் தூங்குவதில்லை, வயசானவர்கள் திடுக்கிட்டு எழுகிறார்கள். பள்ளத்தாக்கில் அடித்த சத்தம் எதிர்ச் சரிவில் பட்டு மறுபடியும் வரும். அதனால் வளைவுக்கு ஒரு தடவை, சுருக்கமாக அடியுங்கள். கோத்தகிரி பஜாருக்குள் நுழைந்ததும் அந்தப் பட்டனை மறந்துவிடுங்கள்.

இதைவிட முக்கியமான விஷயம் காட்டு மிருகங்கள். நீங்கள் போகிற வழியில் குஞ்சப்பனை இருக்கிறது. பலாப்பழ சமயத்தில் அங்கே யானை ரோட்டிலேயே நிற்கும். விடியற்காலையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டு மாடு இறங்கும், கரடியும் வரும். சத்தமான ஹாரன் இருந்தால் அடித்து விரட்டிவிடலாம் என்று தோன்றும், தயவுசெய்து செய்யாதீர்கள். குட்டியோடு இருக்கிற யானை ஹாரன் கேட்டால் விலகிப் போகாது, திரும்பும். பைக்கில் இருப்பவருக்குத் தப்பிக்க என்ன வழி இருக்கிறது? தூரத்திலேயே நிறுத்தி, வண்டியைத் திருப்பிக்கொள்ள இடம் வைத்துக்கொண்டு காத்திருங்கள். பின்னால் பஸ்ஸோ ஜீப்போ வந்தால் அது முன்னால் போகட்டும். முதுமலைக் காட்டுக்குள் ஹாரனே அடிக்கக் கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள், அந்தக் கட்டுப்பாடு எல்லா மலைக் காட்டுக்கும் பொருந்தும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கூடலூர்_டிரைவர்:

அக்கா சொன்னது ரொம்பச் சரி. நான் மினி லாரி ஓட்டுகிறவன், அதனால் கேபினுக்குள் என்ன கேட்கும் என்பதைச் சொல்கிறேன். கண்ணாடி ஏற்றியிருக்கும், வைப்பர் ஓடும், செகண்ட் கியரில் எஞ்சின் கத்தும். பைக்குகளின் கீச்சுக் குரல் அந்த இரைச்சலில் அடிபட்டுப் போகிறது. அடித்தொண்டையிலிருந்து வருகிற மாதிரி கனமான சத்தம் என்றால் கண்ணாடியைத் தாண்டியும் வந்து சேரும். அதனால் சத்தத்தைக் கூட்டுவதைவிட கனத்தைக் கூட்டுவது நல்லது, லோ டோன் போடச் சொன்னதை ஆமோதிக்கிறேன்.

போலீஸ் விஷயம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 119ஆம் விதி இருக்கிறது. அடுத்தடுத்து வேறு வேறு ராகத்தில் அடிக்கிற மல்டி டோன், காதைக் கிழிக்கிற ஹாரன் ரெண்டும் கூடாது. ஹை, லோ ரெண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்து அடிப்பது கார்களில் கம்பெனியிலேயே வருகிற ஏற்பாடு, அது மல்டி டோன் கிடையாது. ஏர் ஹாரன், சைரன், நாய் குரைப்பு, குழந்தை அழுகை மாதிரி எதுவும் வேண்டாம். அது சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, வளைவில் திடீரென்று அப்படி ஒரு சத்தம் கேட்டால் எதிரே வருகிறவர் பதறி ஸ்டியரிங்கைத் திருப்பிவிடுவார், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். தேவையில்லாமல் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவில் முதல் தடவை 1000 ரூபாய், மறுபடி மாட்டினால் 2000.

எங்கே அடிப்பது என்பதும் இருக்கிறது. வளைவுக்குள் போன பிறகு அடித்துப் பிரயோஜனம் இல்லை. திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அடித்துவிட்டு, பதில் வருகிறதா என்று காது கொடுங்க. பதில் வந்தால் ஓரம் கட்டி நில்லுங்க. குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும், சட்டமும் அதுதான். பனியில் ஹை பீம் போடாதீங்க, வெள்ளைச் சுவர் மாதிரி வெளிச்சம் உங்கள் முகத்துக்கே திரும்பும்.

அரவேணு_125:

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. பஜாரில் அடிக்க மாட்டேன், யானை விஷயத்தில் நான் ரொம்ப ஜாக்கிரதை, அந்தப் பயம் பிறந்ததிலிருந்து இருக்கிறது. டெர்மினலைத் தேய்த்ததில் சத்தம் கொஞ்சம் கூடியது, ஆனால் பஸ்ஸுக்குப் போதாது. அதனால் லோ டோன் ஒன்று, ரிலே, ஃப்யூஸ் எல்லாம் வாங்கிவிட்டேன்.

ஒரு சந்தேகம். பழைய ஹாரனைக் கழற்றிவிட்டு சாவியை ஆன் செய்தால், பட்டனை அழுத்தாமலே ஒரு ஒயரில் 12 வோல்ட் காட்டுகிறது. எங்கேயோ ஷார்ட்டா? நண்பன் ஒருவன் அந்த ஒயரை 86இல் கொடுத்துவிட்டு 85ஐ சேசிஸில் எர்த் பண்ணிவிடு என்கிறான். ஹாரனை எந்த இடத்தில் மாட்டுவது?

ஒயரிங்_மேட்டுப்பாளையம்:

ஷார்ட் இல்லை தம்பி. உங்கள் பைக்கில் பட்டன் எர்த் பக்கம் இருக்கிறது, பிளஸ் எப்போதும் ஹாரன் வரைக்கும் வந்து நிற்கும், பட்டனை அழுத்தினால் எர்த் கிடைத்து அடிக்கும். நண்பர் சொன்னபடி 85ஐ சேசிஸில் கொடுத்தால் சாவி போட்டதுமே ஹாரன் அடிக்க ஆரம்பித்து நிற்காது. பழைய ஒயர் ரெண்டையும் 85, 86இல் மாட்டினால் பட்டன் எந்தப் பக்கம் இருந்தாலும் வேலை செய்யும். ரிலேக்குள் டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுகிற பாகம்) இருக்கிற ரகம் என்றால் மட்டும் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும், ரிலே மேலேயே படம் போட்டிருப்பான்.

ஹாரனின் வாய் கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும், இல்லையென்றால் மழைத்தண்ணீர் உள்ளே தேங்கி, ஒரே சீசனில் குரல் அடைத்துவிடும். முன் சக்கரம் வாரி அடிக்கிற சேறும் நேராகப் படக்கூடாது. ரிலேவை சீட்டுக்கு அடியில் பின் கீழே பார்க்கிற மாதிரி வையுங்க. எல்லாம் முடித்ததும் ஹேண்டிலை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பி, முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நன்றாக அமுக்கிப் பாருங்க. மட்கார்டு எங்கேயாவது ஹாரனில் இடித்தால் பிராக்கெட்டை மாற்றாமல் மலை இறங்காதீங்க.