கப்பலில் திருகோணமலை: நாமே சுற்றலாமா?

கீழக்கரைப் பையன்:
வாப்பா, உம்மாவோடு சென்னையிலிருந்து சுற்றுலாக் கப்பலில் போகிறோம். திருகோணமலையில் இறங்கி நாமே ஆட்டோ பிடிக்கலாமா? எவ்வளவு சாமான் எடுக்கலாம்?

மண்டபம் மாமா:
பிடிக்கலாம் தம்பி. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் பக்கம்தான். ஆனால் கப்பல்காரர்கள் கூட்டிப்போகும் வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும். உங்கள் ஆட்டோவுக்கு நிற்காது. கப்பலுக்குத் திரும்பச் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே துறைமுக வாசலுக்கு வந்துவிடுங்கள். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம்தான், கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம். ஆட்டோ பேரத்தை ஏறும் முன்பே முடியுங்கள்.

பாம்பன் மருமகள்:
பெரிய பெட்டி அறைக்கு வந்து சேரத் தாமதமாகலாம். மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத் துணி கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி வேண்டாம், வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்புறம், உம்மா கருவாடு கட்டினால் நைசாக வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்!

கீழக்கரைப் பையன்:
சரி அக்கா, கருவாட்டை வெளியே எடுக்க வாப்பாவை அனுப்புகிறேன்.