மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும்: பிள்ளைக்கேற்ற பாடத் திட்டம் குறித்த அனுபவங்கள்

நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர்

பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் நான் செய்த தவற்றிலிருந்து தொடங்குகிறேன். கல்வியாண்டின் முதல் வாரத்தில் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, அதில் பிள்ளைகள் குறித்தவற்றை வைத்து அவர்களைப் ‘பார்த்துக் கற்பவர்’, ‘கேட்டுக் கற்பவர்’, ‘செய்து கற்பவர்’ என மூன்று குழுக்களாகப் பிரித்தேன். அதன்பின் ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று விதமான பாடக்குறிப்பு எழுதினேன். உழைப்பில் குறை வைக்கவில்லை. ஆனால் பின்னங்கள் பாடம் வந்தபோதுதான், அந்தப் பிரிவினை ஒரு மாணவியை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறது என்பது எனக்குப் புலப்பட்டது.

அவள் கேட்டுக் கற்பவர் குழுவில் இருந்தாள். ‘நான்கில் ஒன்று’, ‘எட்டில் மூன்று’ என்று நான் சொன்னவற்றையெல்லாம் பிழையில்லாமல் திருப்பிச் சொல்வாள். 1/3, 1/4 ஆகிய இரண்டில் எது பெரியது என்று கேட்டபோது 1/4 என்று எழுதினாள். ஏன் என்று கேட்டேன். “மூன்றைவிட நான்கு பெரியதுதானே, டீச்சர்?” என்றாள். இரண்டு வாரப் பாடம் முடிந்திருந்தது. அதுவரை அவள் கையால் ஒரு தாளைக்கூட மடித்துப் பார்க்கவில்லை, ஏனென்றால் தாள் மடிப்பது வேறொரு குழுவுக்கு நான் ஒதுக்கிய வேலை.

மறுநாள் 24 செ.மீ. நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளை அவளிடம் கொடுத்து, ஒன்றை மூன்று சம பாகமாகவும் மற்றொன்றை நான்கு சம பாகமாகவும் அளந்து கோடிடச் சொன்னேன். (24 என்ற நீளத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். பாதி 12, மூன்றில் ஒன்று 8, நான்கில் ஒன்று 6, எட்டில் ஒன்று 3 என எல்லாம் முழு எண்ணாகவே வரும். 10 செ.மீ. பட்டையை எடுத்தால் மூன்றாகப் பிரிக்கும் இடத்திலேயே பிள்ளை சோர்ந்துவிடும்.) வெட்டிய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள், எடுத்தாள், இடம் மாற்றி மறுபடியும் வைத்தாள். பிறகு நான் சொல்லாமலே பழைய விடையை அழித்துவிட்டு, “நிறைய பேருக்குப் பிரித்தால் பங்கு சின்னதாகிவிடுகிறது” என்றாள். அந்தச் சொற்கள் என் எந்தப் பாடக்குறிப்பிலும் இல்லாதவை.

அதன்பிறகே இது பற்றித் தேடிப் படித்தேன். ஹெரால்டு பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் 2008-இல் வெளியிட்ட திறனாய்வு, பிள்ளைகளைக் கற்றல் பாணி வாரியாகப் பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்று முடிவு கூறியிருந்தது. பிள்ளைகள் வேறுபட்டவர்கள் என்பதை அது மறுக்கவில்லை. என் பிழை, பிள்ளைக்கு ஒரு முத்திரை குத்தி அந்த முத்திரைக்குப் பாடம் எழுதியதுதான்.

இப்போது பட்டைகள் எல்லார் கைக்கும் போகின்றன. இலக்கு எல்லாருக்கும் ஒன்றே: இரண்டு பின்னங்களை ஒப்பிட்டு, காரணம் சொல்ல வேண்டும். வகுப்பு முடியும்போது ஒரு சிறு தாளில் ஒரே ஒரு கணக்குக்கு விடை எழுதித் தந்துவிட்டுப் போகிறார்கள். அந்தத் தாள்களைப் பார்த்து, பட்டை இன்னும் தேவைப்படுகிறவர்கள், கோடு வரைந்தால் போதும் என்ற நிலைக்கு வந்தவர்கள், இரண்டும் வேண்டாதவர்கள் என்று மறுநாளுக்கு மட்டும் பிரிக்கிறேன். பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையிலுள்ள தொலைவையே உளவியலாளர் வைகாட்ஸ்கி ‘அண்மை வளர்ச்சி மண்டலம்’ என்றார். அதை மனத்தில் வைத்து, பிள்ளையின் பெயருக்கு எதிரே ‘தனியாக’, ‘துணையோடு’ என்று இரண்டே கட்டங்கள் போட்டு எழுதி வருகிறேன். மூன்று பாடக்குறிப்பு எழுதிய காலத்தைவிட இதற்கு நேரம் குறைவாகவே ஆகிறது.

மூன்றாம், நான்காம் வகுப்புகளை எடுக்கும் ஆசிரியர்

மேலே எழுதியவர் தேவையைப் பற்றிச் சொன்னார், நான் விருப்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். வண்டிகள் என்றால் உயிரை விடும் ஒரு மாணவனுக்காக, கூட்டல் கணக்குகள் அனைத்தையும் வண்டிக் கணக்குகளாக மாற்றி எழுதிக் கொடுத்தேன். அவன் ஒரு கணக்கையும் போடவில்லை. மாறாக, அந்த லாரி அவ்வளவு பாரத்தை ஏற்றாது என்று என்னோடு வாதாடினான். அப்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், அவன் விருப்பத்தை நான் கணக்கின் மேல் ஒட்டிய படமாகத்தான் பயன்படுத்தியிருந்தேன். அவனுக்கு உண்மையில் பிடித்தது, எது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது. அடுத்த வாரம் ஒரு பொம்மை வண்டியையும் எடைக்கற்களையும் கொடுத்து, எத்தனை கிராமில் அது நகராமல் நிற்கிறது என்று அளந்து எழுதச் சொன்னபோது, மூன்று இலக்கக் கூட்டலை ஒரு பக்கம் நிறையப் போட்டிருந்தான். பக்கத்தில் இருந்த இருவருக்கு வண்டியில் நாட்டமே இல்லை, ஆனாலும் அளப்பதற்காக வந்து உட்கார்ந்தார்கள்.

சிறப்புக் கல்வி ஆசிரியை

ஒன்று மட்டும் சேர்க்க விரும்புகிறேன். கணக்கு வராது என்று என்னிடம் அனுப்பப்பட்ட ஒரு சிறுவனுக்குக் கேள்வியை நான் வாசித்துக் காட்டியதும் கணக்கு வந்தது. அவனுடைய தடை வாசிப்பில் இருந்தது. வகுப்பில் அவனுக்கு மட்டும் கேள்வியை வாசித்துக் காட்டியபோது அவன் கூசிப்போனான், பிறகு உதவியே வேண்டாம் என்றான். எனவே வகுப்பாசிரியரோடு பேசி, கேள்விகளைப் பதிவு செய்து ஒரு மேசையில் வைத்து, யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம் என்று ஏற்பாடு செய்தோம். நன்றாக வாசிக்கிற பிள்ளைகளும் போய்க் கேட்டார்கள். அவனும் போனான். ஒருவருக்குத் தேவையான வசதியை எல்லாருக்கும் திறந்து வைப்பது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் திட்டம் போடுவதைவிடப் பல நேரம் எளிது என்பதை அந்த மேசையில்தான் கண்டேன்.

மீண்டும் நான்காம் வகுப்பு ஆசிரியை

அந்த மேசையை என் வகுப்பிலும் வைக்கப் போகிறேன். இன்னொரு சிக்கல் இருக்கிறது. சீக்கிரம் முடித்துவிடும் பிள்ளைகளுக்கு இதுவரை கூடுதலாக ஐந்து கணக்கு கொடுத்து வந்தேன். அதனால் ஒரு மாணவி வேண்டுமென்றே மெதுவாகப் போடத் தொடங்கியிருக்கிறாள். முடித்ததற்குத் தண்டனையாக இன்னும் வேலை என்றுதானே அவளுக்குத் தோன்றும்! இந்த வாரம் அவளிடம், வேறொரு பிள்ளை எளிதில் ஏமாந்துவிடக்கூடிய ஒரு தவறான பின்னக் கணக்கை உருவாக்கி, அது ஏன் தவறு என்று மறுபக்கத்தில் எழுதச் சொன்னேன். 2/3-ம் 3/4-ம் சமம் என்று எழுதியிருக்கிறாள், இரண்டிலும் ஒரே ஒரு பாகம்தான் குறைகிறதாம். மறுபக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. திங்கட்கிழமை பட்டைகளோடு அவள் பக்கத்தில் உட்கார வேண்டும்.